ஆரல்வாய்மொழிக் காற்றும் ரைஸ் பேப்பரும்

நாகர்கோவிலில் வியட்நாம் சமையல் வகுப்பு நடத்துவதற்குப் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. வாழைப்பூ, இளஞ்சக்கை, வல்லாரை, தேங்காய், காந்தாரி மிளகாய் எல்லாம் வடசேரி சந்தையில் கிடைக்கும். இறாலுக்கும் நெத்தலிக்கும் குளச்சலும் முட்டமும் இருக்கின்றன. ஃபோ சூப்புக்கு வேண்டிய அன்னாசிப்பூவும் பட்டையும் பிரியாணிச் சாமான் விற்கிற எந்தக் கடையிலும் உண்டு. கிராம்பு நம்முடைய மாறாமலையிலேயே விளைகிறது, 2021இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. வியட்நாமில் சூப்பின் மேல் கிள்ளிப் போடுகிற, ஓரத்தில் ரம்பப் பல் உள்ள நீள இலை இங்கே ஆப்பிரிக்க மல்லி என்ற பெயரில் நிழலில் தானாக முளைத்துக் கிடக்கிறது. மாட்டிக்கொள்கிற இடம் ஒன்றுதான், உள்ளே பூரணம் வைத்துச் சுருட்டுகிற மெல்லிய அரிசித் தாளான ரைஸ் பேப்பர்.

பாக்கெட்டாக வாங்கலாம். ஆன்லைனில் வரும், திருவனந்தபுரத்துப் பெரிய கடைகளிலும் கிடைக்கும். ஆனால் பாக்கெட்டைப் பிரித்து, தண்ணீரில் நனைத்து, உள்ளே இறாலை வைத்துச் சுருட்டுவதை ஒரு பாடமாகச் சொல்லிக்கொடுக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. வகுப்புக்கு வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கன்னியாகுமரியில் தங்கும் விடுதி வைத்திருக்கிற அக்காமார், கப்பல் வேலைக்குப் போகத் தயாராகிற பையன்கள், ஓய்வுபெற்ற பிறகு அடுக்களையைக் கையில் எடுத்த சார்மார். "மாஸ்டர், இந்தத் தாளை எப்படிச் செய்யுறாங்க?" என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. நான் கப்பலில் வேலை பார்த்தபோது அடுக்களையில் என்னோடு நின்றவர் வியட்நாமின் தைனின் மாகாணத்துக்காரர். அவர் சொன்ன முறை எனக்கு மனப்பாடம். ஆனால் அது அவருடைய ஊர் வெயிலுக்கும் காற்றுக்கும் ஆன முறை. அதை நம் ஊர்ச் சாமானைக் கொண்டு, நம் ஊர்க் காற்றில் செய்து பார்த்ததன் பதிவு இது.

தத்துவம் எளிது. கொதிக்கிற பானையின் வாயில் துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் நீர்த்த அரிசி மாவை மெல்லிசாகப் பரப்பி, மூடி, ஆவியில் வேகவைத்து, எடுத்து மூங்கில் தட்டியில் காயவைக்க வேண்டும். காய்ந்தால் அது பான் ட்ராங், அதாவது ரைஸ் பேப்பர். காயவைக்காமல் அப்படியே உள்ளே பூரணம் வைத்து மடித்தால் பான் குவோன், அங்கே காலை ஆகாரம். இரண்டுக்கும் மாவும் அடுப்பும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் வகுப்பில் எப்போதும் பான் குவோனில்தான் தொடங்குகிறேன். வெயில் இல்லாத நாளிலும் பாடம் நடக்கும், பிய்ந்துபோன தாளும் வயிற்றுக்குள் போய்விடும்.

அரிசியும் மரச்சீனியும்

குமரி மாவட்டத்தில் வீட்டில் இருப்பது புழுங்கலரிசி. அதை அரைத்து ஊற்றலாமா என்று கேட்காத ஆள் இல்லை. ஊற்றலாம், ஆனால் தாள் வராது. புழுங்கலில் மாவுச்சத்து ஏற்கெனவே ஒருமுறை வெந்து இறுகிவிட்டது. துணியின்மேல் ஆவி பட்டவுடன் புதிதாக வெந்து ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும் வேலையை அது சரியாகச் செய்வதில்லை. தாள் திப்பிதிப்பியாக, தொட்டால் உதிர்வதாக வரும். பச்சரிசிதான் வேண்டும், அதிலும் பழைய அரிசி. புது அரிசி குழைந்து துணியை விட்டு வர மறுக்கும். சீரகச் சம்பா, பாஸ்மதி எல்லாம் வீண் செலவு. ஒட்டாமல் உதிரியாக வேகிற மோட்டா ரகம் போதும். நான் எடுப்பது அம்பை 16 பச்சரிசி. அந்த மாதிரி ரகங்களில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து கூடுதல், வெந்து ஆறியதும் விறைப்பாக நிற்கும். தாளுக்கு வேண்டியது அந்த விறைப்புத்தான்.

விறைப்பு மட்டும் இருந்தால் காய்ந்தபின் சுருட்டும்போது முறியும். இழுபடும் தன்மைக்கு மரவள்ளி மாவு சேர்க்க வேண்டும், நம் பேச்சில் மரச்சீனி. வியட்நாமிலும் அதையேதான் சேர்க்கிறார்கள். கடைப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் மரவள்ளி மாவுதான் முதலில் எழுதியிருக்கும், அரிசி இரண்டாவது. அந்தக் கண்ணாடிப் பளபளப்புக்குக் காரணம் அதுதான்.

மரச்சீனிக்கு நாம் எங்கேயும் அலைய வேண்டாம். 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் முழுக்கப் பரப்பிவிட்ட கிழங்கு, அப்போது நாமும் திருவிதாங்கூர்தானே. மாவு எடுப்பதும் பெரிய வித்தை இல்லை. தோலை உரித்துத் துருவி, நிறையத் தண்ணீரில் பிசைந்து, துணியில் பிழிந்து, அந்தப் பால் தண்ணீரை அசைக்காமல் வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, புதுத் தண்ணீர் விட்டுக் கலக்கி, மறுபடியும் படியவிட வேண்டும். மேலே நிற்கும் தண்ணீர் தெளிவாக வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் கசப்பும், அதோடு சேர்ந்த நச்சுத்தன்மையும் கழுவிப் போய்விடும். கசப்பு ரகக் கிழங்கென்றால் இதில் சோம்பல் படவே கூடாது. 5 கிலோ கிழங்குக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை மாவு தேறும். அவசரத்துக்குக் கடையில் வாங்கலாம், ஒன்றும் குறையாது. ஆனால் கிழங்கிலிருந்து எடுத்துக் காட்டினால் பிள்ளைகளுக்கு மறக்காது.

விகிதத்தில் கொஞ்சம் விளையாடிப் பார்த்தேன். வெறும் அரிசி, வாயில் போட்டால் ருசி பிரமாதம், சுருட்டும்போது விரிசல். பாதிக்குப் பாதி, இழுத்த இழுப்புக்கு வருகிறது, ஆனால் தட்டியில் பசையாக ஒட்டும், பல்லிலும் ஒட்டும். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு மரச்சீனி மாவு என்பதில் நின்றுவிட்டேன். கடைத் தாளைப் போல ஊடுருவித் தெரியாது, பால் நிறத்தில் இருக்கும். உள்ளே வைத்த இறாலின் சிவப்பு மங்கலாகத்தான் தெரியும். போட்டோ எடுக்கிறவர்களுக்கு வருத்தம். சாப்பிடுகிறவர்களுக்கு அரிசி வாசம் கிடைக்கும், எனக்கு அது போதும்.

அளவு இதுதான். ஒரு கிலோ பச்சரிசியை 6 முதல் 8 மணி நேரம் ஊறவைக்கவும். நடுவில் தண்ணீரை மாற்றிவிடவும், நம் ஊர்ச் சூட்டில் ஊறல் தண்ணீரே புளித்துவிடும். கிரைண்டரில் விரலில் நெருநெருப்பு தட்டாத அளவுக்கு அரைத்து, 250 கிராம் மரச்சீனி மாவும் ஒரு தேக்கரண்டி உப்பும் சேர்க்கவும். அரிசி குடித்த தண்ணீரையும் கணக்கில் எடுத்து மொத்தம் இரண்டரை லிட்டர் தண்ணீர். ஆப்ப மாவைவிட நன்றாக நீர்த்து, அகப்பையின் முதுகில் மெல்லிய படலமாக மட்டும் நிற்க வேண்டும். இந்த மாவை இரவு பிரிட்ஜில் வைத்து, காலையில் மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை அளந்து கொட்டிவிட்டு, அதே அளவு புதுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் புளிப்பு வாடை போய், தாள் வழுவழுப்பாக வரும். புளித்த மாவு இந்த வேலைக்கு ஆகாது. ஆப்பத்துக்கு அழகு சேர்க்கிற அதே குமிழ்கள் தாளில் ஊசித் துளைகளாக விழுந்து, நனைத்ததும் அங்கிருந்துதான் கிழியத் தொடங்கும். இன்னொன்று, மரச்சீனி மாவு அடியில் போய் இறுகிக்கொள்ளும் சுபாவம் உள்ளது. ஒவ்வொரு அகப்பைக்கும் முன்னால் அடிவரை கலக்கியே தீர வேண்டும்.

பானை, துணி, சைக்கிள் டியூப்

ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல் வாய் அகலம் உள்ள அலுமினியப் பானை எடுத்தேன். வாய் விளிம்பு வெளிப்பக்கம் மடிந்திருக்க வேண்டும், கட்டு நழுவாமல் நிற்க அந்த மடிப்பு முக்கியம். துணிதான் பெரிய ஆராய்ச்சி. மல் துணியில் மாவு இறங்கிவிடும். முரட்டுக் காடாத் துணியில் ஆவி மேலே வருவதற்குள் மாவு ஆறித் தடித்துப் போகும். நெருக்கமாக நெய்த, ஆனால் மெல்லிய பருத்தி வேட்டித் துணி, கஞ்சிப் பசை முழுதும் போகும்படி வெந்நீரில் போட்டு அலசியது, சரியாக அமைந்தது. பாலியஸ்டர் கலந்த வேட்டி வேண்டாம், சூட்டில் தொய்ந்துவிடுகிறது.

கட்டுவதற்குக் கயிறு போதவில்லை. துணி நனைந்ததும் தளரும், கயிறு அதற்கேற்பச் சுருங்காதே. பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, ஈரத்துணியை நான்கு பக்கமும் இழுத்துப் பிடித்தபடி இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் அப்படியே கவ்விக்கொள்ளும். விரலால் சுண்டினால் டப்பென்று ஒலி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். நடுவில் தொய்வு இருந்தால் மாவு அங்கே குளம் கட்டும், தாள் நடுவில் தடித்து ஓரத்தில் காகிதமாகப் போகும்.

இதற்கு நேரெதிர்ச் சிக்கலும் உண்டு. தீயைக் கூட்டினால் ஆவி துணியை மேலே உப்பவைக்கும், மாவு ஓரத்துக்கு ஓடும். இதற்காகத்தான் துணியின் ஓரத்தில், விளிம்பை ஒட்டி, மூன்று விரல் நீளத்துக்கு ஒரு கீறல் விடுகிறார்கள். கூடுதல் ஆவி அதன் வழியே போய்விடும், பானையில் தண்ணீர் குறைந்தால் புனல் வைத்து ஊற்றவும் அதே வழிதான். கீறல் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள் என்று வகுப்பில் பலமுறை சொல்லியும் யாராவது ஒருவர் ஐஸ் கட்டிக்கு ஓடுவது வழக்கம்.

மாவை ஊற்றச் சிரட்டை அகப்பை. அங்கேயும் தேங்காய்ச் சிரட்டையில் செய்த அகப்பைதான் வைத்திருக்கிறார்கள். சில்வர் கரண்டியின் விளிம்பு துணியைக் கீறும், சிரட்டையின் உருண்ட அடி கீறாது. நடுவில் ஊற்றி, அகப்பையின் அடியாலேயே உள்ளிருந்து வெளியே வட்டமாக, அழுத்தாமல், ஒரே ஓட்டத்தில் பரப்ப வேண்டும். ஓட்டம் நின்றால் அந்த இடத்தில் வரி விழும்.

இந்த இடத்தில் ஒன்று கவனித்தேன். ஓட்டலில் வேலை பார்த்துவிட்டு வருகிற பையன்களுக்குக் கை பழக நேரமாகிறது, தோசைக்கல்லில் அழுத்தித் தேய்த்த பழக்கம். வீட்டில் காலங்காலமாக ஆப்பம் சுற்றுகிற அக்காமாருக்கு ஓரிரண்டு தாளிலேயே வந்துவிடுகிறது. "ஆப்பத்துக்குச் சட்டியச் சுத்துறோம், இதுக்குக் கையச் சுத்துறோம், அவ்வளவுதானே மக்களே" என்று ஒரு பாட்டி என்னிடம் சொன்னார். அவ்வளவுதான் இல்லை, ஆனால் முக்கால்வாசி அதுதான். பான் ஹோய் என்று அங்கே இடியாப்பத்தின் தம்பி ஒன்று உண்டு, பான் கோட் என்று குழிப்பணியாரச் சட்டியில் இறால் வைத்துச் சுடுவது ஒன்று. இதையெல்லாம் பார்த்த பிறகு நம் ஆட்களுக்கு அந்த அடுக்களையில் கூச்சமே இருப்பதில்லை.

மூடி வைத்து அரை நிமிடம், கூடினால் 40 விநாடி. மூடியைத் திறந்தால் வெள்ளையாக ஊற்றிய மாவு நிறம் மாறி, துணியின் இழை கீழே தெரிகிற அளவுக்குத் தெளிந்திருக்கும். நடுவில் ஒரு பெரிய குமிழ் மெல்ல எழும்பி அமுங்கும். அந்தக் குமிழ்தான் அடையாளம், தாள் துணியை விட்டுவிட்டது என்று அர்த்தம். குமிழ் எழாமல் எடுத்தால் பாதி துணியிலேயே தங்கும்.

எடுப்பதற்கு அவர்கள் துணி சுற்றிய மூங்கில் குழாயை உருட்டுகிறார்கள். என்னிடம் பழைய மூங்கில் புட்டுக்குழல் ஒன்று சும்மா கிடந்தது, அதில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டேன். தாளின் ஓரத்தை ஒரு மூங்கில் சிம்பால் நெம்பி, குழலின்மேல் ஏற்றி, உங்கள் பக்கமாக உருட்டினால் தாள் குழலைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். தட்டியின்மேல் எதிர்ப்பக்கமாக உருட்டி விரிக்க வேண்டும். விரிக்கும்போது உள்ளே காற்று மாட்டினால் அந்த இடம் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். இழுத்துச் சரிசெய்யப் பார்த்தாலும் கிழியும். அப்படியே தூக்கித் திரும்ப விரிப்பதுதான் வழி.

தட்டியும் காற்றும்

இதுவரை சொன்னதெல்லாம் யாருக்கும் ஒரு நாளில் கைவந்துவிடும். உண்மையான வேலை இனிமேல்தான். ரைஸ் பேப்பர் அடுப்பில் பாதியும் காற்றில் பாதியுமாக ஆகிற பண்டம்.

முதலில் எதில் காயவைப்பது? பனையோலைப் பாய் கைவசம் இருந்தது, அழகாகவும் இருந்தது. ஆனால் அடியில் காற்றுப் போகாது. மேல்பக்கம் காய்ந்து அடிப்பக்கம் ஈரமாக நின்று, ஓலையின் வரியோடு பிடித்துக்கொண்டது. கட்டையில் நைலான் வலை கட்டிப் பார்த்ததில் தாள் கண்ணுக்குக் கண் தொய்ந்தது, உரிக்கும்போது வலையின் முடிச்சுகளில் பிய்ந்தது. மூங்கில் தட்டிக்கு மாற்றே இல்லை. பிளாச்சின் பச்சைப்புறம், அதாவது வழுவழுப்பான தோல் பக்கம், மேலே வரும்படி பின்னச் சொல்ல வேண்டும். சதைப்பற்றுள்ள உள்பக்கம் மேலே வந்தால் நார் நாராக ஒட்டும். புதுத் தட்டியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, நல்ல வெயிலில் போட்டெடுத்த பிறகே மாவுக்குக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் முதல் தாள்களில் மஞ்சள் கறை ஏறும். காய்ந்த தாளில் தெரிகிற அந்தக் குறுக்கு நெடுக்குக் கோடுகள் இந்தப் பின்னலின் அச்சுத்தான். கடைத் தாளிலும் அந்தக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது, எங்கே காயவைப்பது? நம் மாவட்டம் சின்னது, ஆனால் காற்று ஊருக்கு ஊர் வேறு. வகுப்புக்கு வரும் ஒருவரின் வீடு தோவாளையைத் தாண்டி ஆரல்வாய்மொழிப் பக்கம். கணவாய்க் காற்று வருடத்தில் பாதி நாள் அங்கே வீசோ வீசென்று வீசும், முப்பந்தலில் காற்றாலைகளை அத்தனை நெருக்கமாக நட்டிருப்பது சும்மாவா? நல்ல காற்று, நல்ல வெயில், இதைவிட வேறென்ன வேண்டும் என்று அவர் வீட்டு மாடிக்குத் தட்டிகளைக் கொண்டுபோனோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்கள் எழும்பின, அப்புறம் சுட்ட பப்படம் மாதிரி முழுத்தாளும் முறுக்கிக்கொண்டு, சில நடுவே டிக் டிக்கென்று வெடித்தன. மேல்தோல் காய்ந்து சுருங்குகிறது, உள்ளீரம் அந்த வேகத்துக்கு வெளியே வரவில்லை. இரண்டுக்கும் நடக்கிற இழுபறியில் ஓரம்தான் முதலில் தோற்கும். காற்று கூடினால் நல்லது என்பது கருவாட்டுக்குச் சரி, தாளுக்குச் சரியில்லை.

முட்டத்துக் கடற்கரையோரம் நேர்மாறு. வெயில் நன்றாகத்தான் அடித்தது. ஆனால் கடல்காற்றின் ஈரமும் உப்பும் தாளை முழுதாகக் காயவிடவில்லை. மாலையில் தொட்டால் காலையில் தொட்டதுபோலவே பிசுபிசுப்பு. அந்த நிலையில் அடுக்கி வைத்த தாள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே அடையாகிவிட்டன. ஓரங்களில் பூசணமும் வந்தது.

கடைசியில் கைகொடுத்தது எங்கள் சமையல் பள்ளியின் மொட்டைமாடியும் அதை ஒட்டிய ஓட்டுச் சாய்ப்பும்தான். முறை இது. காலை 8 மணிக்குள் ஊற்றி முடித்து, வெயில் ஏறும் நேரத்தில் தட்டிகளைச் சாய்வாக நிறுத்திவிடுவது. மேல்பிசுக்கு அடங்கும்வரை மட்டும் வெயில், புறங்கையால் தொட்டால் ஒட்டாமல் இருக்க வேண்டும். அதற்கு மாதத்தைப் பொறுத்து அரை மணி நேரம் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். பிறகு சாய்ப்புக்குள் நிழலில், காற்று நேராக அடிக்காமல் ஊடாடிப் போகிற இடத்தில் வைத்துவிட வேண்டும். முக்கால் காய்ச்சலில் உரிக்க வேண்டும், முழுதும் காய்ந்தபிறகு இல்லை. ஓரத்தில் நகத்தைக் கொடுத்தால் சரசரவென்று ஒரு சத்தத்தோடு பிரிந்து வரும், வந்த தாள் வளைந்து கொடுக்கும், முறியாது. அதுதான் பதம். சத்தமே இல்லாமல் இழுபட்டு வந்தால் ஈரம் மிச்சம். படாரென்று தெறித்தால் நேரம் கடந்துவிட்டது. உரித்த தாள்களை அடுக்கி, மேலே ஒரு பலகையும் அம்மிக்குழவியும் ஏற்றி ஒரு இரவு வைத்தால் மட்டமாகப் படிந்துவிடும். மறுநாள் நிழலில் பரப்பி மிச்ச ஈரத்தை எடுத்துவிட்டு டப்பாவில் அடைக்கலாம்.

சாய்ப்பில் ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானியை மாட்டியிருக்கிறேன், விலை அதிகமில்லை. காற்றின் ஈரப்பதம் 55க்கும் 70க்கும் இடையில் நிற்கிற நாட்களில் தாள் எந்தத் தொல்லையும் தருவதில்லை. 80ஐத் தாண்டினால் அன்றைக்குப் பான் குவோன்தான், தட்டியை எடுக்கவே மாட்டேன். நமக்கு ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. தாளுக்கு நம்பிக்கையான காலம் தை முதல் பங்குனி வரைதான். ஓவனில் குறைந்த சூட்டில் காயவைத்தும் பார்த்தேன். கணவாயில் நடந்தது பெட்டிக்குள் நடந்தது.

பனியில் போடுவது

மார்கழியில் செய்த ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். தைனின் மாகாணத்தில் ட்ராங் பாங் என்ற ஊர் ஒருவகை ரைஸ் பேப்பருக்குப் பேர்போனது. கொஞ்சம் தடிமனாக, இரண்டு அடுக்காக மாவு ஊற்றி, காயவைத்து, நிலக்கடலைத் தொலி எரிகிற தணலில் லேசாக வாட்டி, பிறகு இரவுப் பனியில் பரப்பி வைப்பார்கள். பனியை வாங்கித் தாள் மறுபடியும் துணியாக இளகிவிடும். வாழை இலையில் சுற்றி வைத்துக்கொண்டு, தண்ணீரில் நனைக்காமலேயே அதில் வேகவைத்த பன்றி இறைச்சியும் ஒரு குவியல் கீரையும் வைத்துச் சுருட்டுவார்கள். கப்பலில் இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம் நண்பர் நிறுத்தமாட்டார்.

நான் நிலக்கடலைத் தொலிக்குப் பதில் சிரட்டைக் கனலில் வாட்டினேன். தணல் சாம்பல் பூத்த பிறகே வைக்க வேண்டும், தாளைக் கையை விட்டு வைக்கக் கூடாது, திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சின்னச் சின்னக் கொப்புளங்கள் வெள்ளையாக எழும்பும். அவை பழுப்பாவதற்குள் எடுத்துவிட வேண்டும். விடியப் போகிற நேரத்தில் தட்டியை மாடியில் திறந்து வைத்தேன். பனி நன்றாக இறங்கிய நாட்களில் சீக்கிரமே இளகிவிட்டது. கொப்புளங்கள் மட்டும் லேசான மொறுமொறுப்போடு நின்றன, மற்ற இடமெல்லாம் மடித்தால் மடிந்தது. உடனே மட்டி வாழை இலையில் சுற்றிவிட்டோம். பகலில் சுருட்டினால் சிரட்டைக் கனலின் வாசம் லேசாக வரும். அந்த வகுப்புக்கு வந்தவர்கள் பாக்கெட் தாளைப் பற்றி அப்புறம் கேட்கவே இல்லை. பனி இல்லாத மாதங்களில் ஈரத்துணியை மேலே விரித்து இளகவைக்கலாம். வேலை நடக்கும், ஆனால் இளக்கம் ஒரு சீராக வராது.

தொட்டுக்கொள்ள

ரைஸ் பேப்பரில் சுருட்டியதைத் தொட்டுச் சாப்பிட நுவோக் சாம். ஒரு பங்கு மீன் சாஸ், ஒரு பங்கு சீனி, ஒரு பங்கு எலுமிச்சைச் சாறு, நான்கு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர். சீனி கரைந்து எலுமிச்சையும் கலந்த பிறகு கடைசியாக நசுக்கிய பூண்டும் காந்தாரியும் போட்டால் மேலே மிதக்கும், முதலிலேயே போட்டால் அடியில் தங்கிவிடும். சீனிக்குப் பதில் மார்த்தாண்டம் தேன் சேர்க்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். நல்ல தேன், ஆனால் இங்கே வேண்டாம், அதன் வாசம் மீன் சாஸோடு மல்லுக்கு நிற்கும். கருப்பட்டி அதைவிட மோசம்.

அந்த மீன் சாஸை, நுவோக் மாமை, இப்போதைக்குப் புட்டியில்தான் வாங்குகிறேன். ஆனால் செய்வதற்கு வேண்டியதெல்லாம் நம்மிடம் இருக்கிறது. வியட்நாமின் ஃபூ குவோக் தீவில் இதற்கு எடுப்பது நெத்தலி இனம்தான். மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு கடலுப்பு, பெரிய மரத்தொட்டியில் 12 மாதம். அந்தத் தீவின் பெயரில் விற்கிற சாஸுக்கு 2012இல் ஐரோப்பிய ஒன்றியமே பெயர்ப் பாதுகாப்பு கொடுத்தது. அங்கே படகிலேயே மீனை உப்பில் போட்டுவிடுகிறார்கள், காரணம் இருக்கிறது. நெத்தலி சூட்டில் கிடக்கக் கிடக்க ஹிஸ்டமின் என்ற பொருள் ஏறும். ஒருமுறை ஏறினால் உப்போ கொதியோ அதை இறக்காது, தடிப்பும் தலைவலியும்தான் மிச்சம். ஆகவே ஐஸ் இல்லாமல் சந்தைக்கு வந்து வெயிலில் கிடந்த நெத்தலியை இதற்கு எடுக்கவே கூடாது, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

குளச்சலில் தெரிந்த ஒரு அண்ணனிடம் சொல்லிவைத்து, கரைக்கு வந்த கையோடு மீனை வாங்கி, அங்கேயே நம் மாவட்டத்துப் புத்தளத்துக் கல்லுப்பில் புரட்டிக் கொண்டுவந்தேன். கழுவவில்லை, குடலும் எடுக்கவில்லை. மீனைக் கரைத்துச் சாறாக்குவது அந்தக் குடலில் உள்ள நொதிகள்தான். மரத்தொட்டிக்கு எங்கே போவது? உப்புமாங்காய் போடுகிற சீனாப் பரணி, அதாவது பீங்கான் ஜாடி, இருக்கிறதே. உள்ளே கண்ணாடி மாதிரிப் பூச்சு, உப்பு அரிக்காது. மேலே உப்பை ஒரு கனமான அடுக்காகப் போட்டு, மூங்கில் சிம்புகளைக் குறுக்கே வைத்து, கழுவிய ஆற்றுக்கல்லை ஏற்றி, துணி கட்டி மூடியாயிற்று. மீன் எப்போதும் உப்புநீருக்குள்ளேயே முங்கிக் கிடக்க வேண்டும், தலை நீட்டினால் கெடும். மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் எட்டிப் பார்த்து, "கருவாட்டுக்கு வெயில்ல போடாம எதுக்குப் பரணிக்குள்ள அடைச்சு வச்சிருக்கீங்க?" என்றார். விளக்கினேன். வருஷம் முழுக்கவா என்று கேட்டுவிட்டு, முடிந்ததும் தனக்கும் ஒரு குப்பி வேண்டும் என்று சொல்லிவைத்துப் போனார். பரணிக்குள் இப்போது மீன் பாதி கரைந்து, மேலே செம்பழுப்பாக நீர் நிற்கிறது. கெட்ட நாற்றம் இல்லை, கருவாட்டு மணமும் பாலாடை மணமும் கலந்த ஒன்று. இந்த வருஷம் முடியும்வரை அதை வகுப்பில் பரிமாறப் போவதில்லை.

இப்போது நிற்கிற இடம்

சேமிப்பில் ஒரு குறிப்பு. நம் ஊரில் காய்ந்த தாளைத் திறந்து வைத்தால் ஒரு மழை நாளே போதும். காற்றுப் புகாத தகர டப்பாவில், நடுநடுவே பட்டர் பேப்பர் வைத்து, வறுத்த அரிசியை ஒரு துணி முடிச்சாகக் கட்டிப் போட்டு வைக்கிறேன். அரிசி ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், அவ்வப்போது மறுபடி வறுத்துக்கொள்ளலாம். கையால் செய்த தாள் கடைத் தாளைவிடச் சற்றுத் தடிமன். தண்ணீரில் முக்கியெடுத்து ஈரத்துணியின்மேல் அரை நிமிடம் பொறுத்தால்தான் இளகும். தண்ணீரிலேயே இளகட்டும் என்று விட்டால் சுருட்டுவதற்குள் கூழாகிவிடும்.

சுருட்டும்போது பூரணத்தைக் குறைத்து வையுங்கள். சமோசா கை பழகியவர்கள் எல்லோரும் அதிகமாகத்தான் வைக்கிறார்கள். இறால், சேவை, கீரை, புதினா, ஆப்பிரிக்க மல்லி, ஒரு நீள வெள்ளரித் துண்டு, அவ்வளவு போதும். கீரையை ஈரம் போகத் துடைக்காவிட்டால் அரை மணி நேரத்தில் தாள் அடியில் கிழியும். வாழைப்பூ சாலட்டுக்குப் பூவை மெல்லிசாக அரிந்து எலுமிச்சைத் தண்ணீரில் போட்டால் கறுக்காது என்பதையெல்லாம் நம் அக்காமாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மோரில் போடலாமே என்று அவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள். மோரில் போட்டதில் துவர்ப்பு இன்னும் நன்றாகவே போனது.

இப்போதைய தட்டிகள் அகலம் கூடுதல். சாய்ப்புக்குள் திருப்பி வைக்கும்போது ஒன்றோடு ஒன்று இடித்துத் தாள் நகர்கிறது. புதுத் தட்டிக்கு அளவு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நீளம் 6 அடி, அகலம் 2 அடிக்குள், இரண்டு பக்கமும் கைப்பிடிக்குப் பிளாச்சை நீட்டி விட வேண்டும், பச்சைப்புறம் மேலே. பின்னுகிறவர் தைக்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.